புத்தகத்தின் எதிரி பூச்சியா, ஈரமா?

உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குச் சென்று, நெடுநாளாக எவரும் தொடாத ஒரு பழைய புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்துப் பிரித்துப் பாருங்கள். ஓரங்கள் பழுப்பேறியிருக்கும். தாளின் மூலையை இருமுறை மடித்தால் ஒடிந்து கையோடு வந்துவிடும். முதுகுப் பக்கத்தில் இராமபாணப் பூச்சி அரித்த தடம் தெரியலாம். அட்டையில் சாம்பல் நிறப் பூஞ்சைப் புள்ளிகளும் இருக்கலாம்.

"பூச்சி தின்றுவிட்டது, வயதாகிவிட்டது, என்ன செய்வது?" என்று நாம் சமாதானம் அடைகிறோம். ஆனால் பழுப்பு, பூச்சி, பூஞ்சை ஆகிய மூன்றுக்கும் பின்னால் நின்று வேலை செய்வது ஒன்றுதான். அது காற்றிலுள்ள ஈரம். ஈரத்தை அடக்கத் தெரிந்தால் மற்ற மூன்றும் பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்குப் பெரும் பொருட்செலவும் தேவையில்லை. இரண்டு வெப்பமானிகளும், ஒரு மின்விசிறியும், எப்போது சன்னலைத் திறக்க வேண்டும் என்ற அறிவும் போதும்.

தமிழ்நாட்டில் நான்காயிரத்துக்கு மேற்பட்ட பொது நூலகங்கள் உள்ளன. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின் வழியே பிறந்த ஏற்பாடு இது. சொத்து வரி கட்டும் ஒவ்வொருவரும் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறோம். ஆகவே அலமாரியில் மட்கும் புத்தகம் நம் பணத்தில் வாங்கியதுதான். நூலகப் பணியாளர்களுக்கு மட்டுமன்றி வாசகர்களுக்கும் இதில் அக்கறை இருக்க வேண்டும்.

காகிதம் ஏன் ஒடிகிறது?

காகிதம் என்பது செல்லுலோஸ் இழைகளின் பின்னல். செல்லுலோஸ் மூலக்கூறு ஒரு நீண்ட சங்கிலி. ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் கண்ணிகள் கோத்தாற்போல் அமைந்தது. சங்கிலி நீளமாக இருக்கும் வரை காகிதம் வளையும், மடியும். சங்கிலி துண்டு துண்டானால் காகிதம் ஒடியும்.

சங்கிலியைத் துண்டிப்பது எது? அமிலமும் நீரும் சேர்ந்துதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, மை ஊறிப் பரவாமல் இருக்கக் காகிதத்தில் படிகாரமும் குங்கிலியமும் சேர்க்கும் வழக்கம் பரவியது. படிகாரம் ஈரத்துடன் சேர்ந்து அமிலத்தன்மையைத் தருகிறது. போதாக்குறைக்கு, மரத்தை அப்படியே அரைத்துக் கூழாக்கும் முறையும் வந்தது. அந்தக் கூழில் லிக்னின் என்னும் பொருள் நீக்கப்படாமல் தங்கிவிடுகிறது. வெளிச்சம் பட்டால் லிக்னின் பழுப்பாகிறது. செய்தித்தாளை இரண்டு நாள் வெயிலில் போட்டால் நிறம் மாறுவது இதனால்தான்.

அமெரிக்காவில் வில்லியம் பாரோ என்பவர் இந்நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் நடுவில் இதை ஆராய்ந்தார். 1900க்குப் பின் அச்சான நூல்களின் காகிதத்தில் மிகப் பெரும்பகுதி நெடுங்காலம் தாங்காது என்று அவர் காட்டியது நூலக உலகையே உலுக்கியது. நல்ல வேளையாக, இன்று அச்சுக்கும் எழுத்துக்கும் வரும் காகிதத்தில் பெரும்பகுதி சுண்ணாம்புத் தூள் கலந்து, அமிலமின்றிச் செய்யப்படுகிறது. ஆனால் பத்திரிகைக் காகிதத்தில் அச்சான பழைய மலிவுப் பதிப்புகளும், மாத இதழ்களும், விழா மலர்களும் நம் அலமாரிகளில் இன்னும் இருக்கின்றன. முதலில் காக்க வேண்டியவை இவைதாம்.

இந்த அழிவை வெப்பம் விரைவுபடுத்துகிறது. வெப்பநிலை 10° செ. உயர்ந்தால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொது விதி. காகிதத்தைப் பொறுத்தவரை அதற்கு மேலும் ஆகலாம். எங்கள் திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள திருத்தணியில் மே மாதத்தில் வெப்பநிலை 40° செ. தாண்டுவதைச் செய்திகளில் அடிக்கடி பார்க்கிறீர்கள். அங்கே தகரக் கூரையின் கீழ் வைத்த புத்தகத்துக்கு வயது எவ்வளவு வேகமாக ஏறும் என்று எண்ணிப் பாருங்கள். வாகனப் புகையும், நிலக்கரி எரியும் புகையும் சூழ்ந்த தொழிற்பகுதிகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடைக் காகிதம் உறிஞ்சிக்கொள்கிறது. அது ஈரத்துடன் சேர்ந்து நாளடைவில் கந்தக அமிலமாகிறது.

வெயிலையும் புகையையும் ஒரு நூலகர் தடுத்துவிட முடியாது. ஈரத்தை ஓரளவு தடுக்க முடியும். அதற்கு ஈரத்தின் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஈரத்தின் கணக்கு

காற்று ஓரளவு நீராவியைத்தான் தாங்கும். அந்த அளவு வெப்பநிலையைப் பொறுத்தது. 30° செ. வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று அதிக அளவாக 30.4 கிராம் நீராவியைத் தாங்கும். 25° செ. காற்றோ 23 கிராம் மட்டுமே தாங்கும். இந்த உச்ச அளவைத் தெவிட்டிய நிலை என்கிறோம். காற்றில் இப்போதுள்ள நீராவி, உச்ச அளவில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதே ஒப்பு ஈரப்பதம்.

நூலக அறையில் 30° செ. வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டரில் இருக்கும் நீராவி 21.3 கிராம். அறையின் நடுவே நிற்பவருக்கு இது பெரிய ஈரமாகத் தோன்றாது. ஆனால் மழையில் நனைந்த வடக்குச் சுவர் குளிர்ந்து 25° செ. ஆகியிருக்கிறது, அதை ஒட்டி ஒரு அலமாரி நிற்கிறது என்று கொள்ளுங்கள். அச்சுவரை ஒட்டிய காற்றிலும் அதே 21.3 கிராம் நீராவிதான். ஆனால் அங்கே உச்ச அளவே 23 கிராம். எனவே அலமாரியின் பின்புறத்தில் ஒப்பு ஈரப்பதம் 93 சதவீதம்! ஒரே அறையில், ஒரே வேளையில், நடுவில் 70, சுவரோரம் 93.

பூஞ்சை ஏறத்தாழ 65 அல்லது 70 சதவீதத்துக்கு மேல் ஈரம் நீடித்தால் முளைக்கத் தொடங்கும். இராமபாணப் பூச்சிக்கு 75 சதவீதத்துக்கு மேற்பட்ட ஈரந்தான் மிகவும் பிடித்தமானது. சுவரோடு ஒட்டிய அலமாரியின் கீழ்த் தட்டில், பின்வரிசையில் அவை குடியேறுவது ஏன் என்பது இப்போது விளங்குகிறது அல்லவா? அங்கே அவற்றுக்கு வேண்டிய வானிலையை நாமே அமைத்துக் கொடுத்திருக்கிறோம்.

நூலகம் ஒரு பஞ்சு

இன்னொரு கணக்கும் பார்ப்போம். 6 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள ஒரு அறை. அதன் கன அளவு 90 கன மீட்டர். 30° செ. வெப்பநிலையில் அந்த அறைக் காற்று முழுவதும் தெவிட்டியிருந்தாலும், அதிலுள்ள நீர் மூன்று லிட்டருக்குக் குறைவுதான்.

அதே அறையில் 10,000 புத்தகங்கள், ஒவ்வொன்றும் கால் கிலோ எடை. மொத்தம் 2,500 கிலோ காகிதம். ஒப்பு ஈரப்பதம் 50 சதவீதமாக இருக்கையில் காகிதம் தன் எடையில் சுமார் 6 சதவீதம் நீரைத் தன்னுள் வைத்திருக்கும். 80 சதவீதத்தில் அது சுமார் 10 சதவீதமாகும். அதாவது முதல் நிலையில் 150 லிட்டர், இரண்டாம் நிலையில் 250 லிட்டர். காற்றில் மூன்று லிட்டர். புத்தகங்களிலோ அதற்கு எத்தனையோ மடங்கு!

இதிலிருந்து கிடைக்கும் பாடம் முக்கியமானது. மழைக்காலம் முழுவதும் குடித்த அந்த நூறு லிட்டர் நீரை ஒரு நாள் சன்னலைத் திறந்து வைத்து வெளியேற்றிவிட முடியாது. நூலகம் ஒரு பெரிய பஞ்சு. மெல்லக் குடிக்கும், மெல்லத்தான் விடும். ஆகவே ஆண்டுக்கு ஒரு முறை செய்யும் பெருந்துப்புரவைவிட, நாள்தோறும் செய்யும் சிறு கவனமே பலன் தரும்.

எப்போது சன்னலைத் திறப்பது?

நம் வழக்கத்துக்கும் இயற்பியலுக்கும் இங்கே ஒரு சிறு சண்டை. ஐப்பசி, கார்த்திகையில் மழை தூறுகிறது. வெளியே காற்று சில்லென்றிருக்கிறது. "உள்ளே புழுக்கமாக இருக்கிறதே" என்று சன்னலைத் திறக்கிறோம். வெளிக்காற்று 26° செ., ஈரப்பதம் 95 சதவீதம் என்றால், அதில் கன மீட்டருக்கு 23 கிராம் நீராவி இருக்கிறது. அறையில் இருந்ததோ 21.3 கிராம்தான். குளிர்ந்த காற்று என்று எண்ணி ஈரத்தை உள்ளே அழைக்கிறோம்.

மாறாக, கோடையில் மேற்கிலிருந்து அனல் காற்று வீசும் முற்பகல் வேளையில் வெளியே 34° செ., ஈரப்பதம் 40 சதவீதம் என்றால், கன மீட்டருக்கு 15 கிராம் நீராவிதான் உண்டு. மேனிக்குக் கடுமையான காற்று. ஆனால் புத்தகத்தின் ஈரத்தை வாங்கிக்கொள்ளும் காற்று அதுவே. அப்போது ஓரிரு மணி நேரம் சன்னல்களைத் திறந்து, மின்விசிறியை ஓட விடலாம். நேர் வெயில் மட்டும் புத்தகத்தின் மேல் படக்கூடாது.

குளிர்சாதனம் பொருத்திய நூலகங்களுக்கும் ஒரு சொல். பகலில் 24° செ. வரை குளிர்வித்து, மாலையில் நிறுத்திவிட்டுப் போவது சில வேளைகளில் இல்லாததைவிடக் கெடுதல். குளிர்ந்த புத்தகத்தை ஒட்டிய காற்று கன மீட்டருக்கு 21.8 கிராம்தான் தாங்கும். இரவில் கதவிடுக்கில் நுழையும் 28° செ., 85 சதவீத ஈரக் காற்றில் 23 கிராம் இருக்கிறது. மிகுதி நீர் எங்கே போகும்? குளிர்ந்த சொம்பின் வெளிப்புறத்தில் முத்து முத்தாகப் படிவதுபோல் புத்தக அட்டையில் படியும். ஆகவே அரிய நூல்கள் உள்ள அறையில் குளிர்சாதனம் இரவு பகலாக ஓட வேண்டும். இயலாவிட்டால் மின்விசிறியோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

மின்விசிறி காற்றிலுள்ள ஈரத்தைக் குறைப்பதில்லை. சுவரோரம் தேங்கிய காற்றை அறைக் காற்றோடு கலந்துவிடுவதே அதன் வேலை. 93 சதவீதம் உள்ள மூலைகள் அதனால் மறைகின்றன. அந்தக் கலப்புக்கு வழிவிட்டு, அலமாரியைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி நிறுத்துங்கள். கீழ்த் தட்டு தரையிலிருந்து அரை அடி உயரத்தில் இருக்கட்டும். புத்தகங்களை நெருக்கித் திணிக்காதீர்கள்.

இரண்டு வெப்பமானிகள்

ஈரத்தை அளக்க இன்று சில நூறு ரூபாயில் எண் காட்டும் ஈரமானிகள் கிடைக்கின்றன. அவை இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். ஒரேமாதிரியான இரண்டு வெப்பமானிகளை ஒரு பலகையில் அருகருகே பொருத்துங்கள். ஒன்றின் குமிழில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி, துணியின் நுனியைச் சிறு நீர்ப் புட்டியில் தொங்க விடுங்கள். ஐந்து நிமிடம் மின்விசிறிக் காற்றில் வைத்துவிட்டு இரண்டையும் படியுங்கள்.

துணியிலிருந்து நீர் ஆவியாகும்போது அந்தக் குமிழ் குளிரும். காற்று எவ்வளவு உலர்ந்திருக்கிறதோ அவ்வளவு வேகமாக ஆவியாகும். அவ்வளவு அதிகமாகக் குளிரும். உலர்ந்த குமிழ் 30° செ. காட்டும்போது, இரண்டுக்கும் வேறுபாடு 8 பாகை என்றால் ஒப்பு ஈரப்பதம் சுமார் 50 சதவீதம். 5 பாகை என்றால் 67. 3 பாகை என்றால் 79. சுருக்கமாகச் சொன்னால், வேறுபாடு ஐந்துக்குக் குறைந்தால் விழித்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கு வந்துவிட்டால் பூஞ்சை வந்து கொண்டிருக்கிறது.

காலையிலும் மாலையிலும் இதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அறையின் நடுவில் ஒரு முறை, சுவரோர அலமாரிக்குப் பின்னால் ஒரு முறை. ஒரு மாதத்தில் உங்கள் நூலகத்தின் ஈர மூலை எது என்று தெரிந்துவிடும். அருகிலுள்ள உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் இந்த வேலையைக் கொடுத்தால் மகிழ்ச்சியோடு செய்வார்கள். அவர்களுக்கும் இது நல்ல இயற்பியல் பாடம்.

மருந்துகள் பற்றி

பூச்சி மருந்துத் தூளை அலமாரியில் தூவும் பழக்கம் முன்பு பரவலாக இருந்தது. அதைக் கைவிடுவதே நல்லது. நாள் முழுவதும் அங்கே அமர்ந்திருக்கும் பணியாளரின் நுரையீரலுக்கும், விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் புரட்டும் சிறுவனுக்கும் அது நஞ்சு. நாப்தலீன் உருண்டையின் ஆவியும் தொடர்ந்து சுவாசிக்கத் தக்கதன்று. திறந்த அலமாரியில் அதன் பயனும் குறைவு. பூஞ்சையை அது தடுப்பதும் இல்லை.

நம் முன்னோர் வசம்பு, கருஞ்சீரகம், இலவங்கம், பட்டை, மிளகு இவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து வைத்தார்கள். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் இம்முறையைப் போற்றி வந்திருக்கிறார்கள். இதன் மணம் பூச்சிகளை விலக்கும். ஆனால் மணம் ஈரத்தைக் குறைக்காது. காற்றோட்டத்தோடு சேர்ந்தால்தான் இதற்குப் பலன்.

பைண்டிங் செய்யக் கொடுக்கும்போது, மைதாப் பசையில் மயில்துத்தம் சேர்க்கிறார்களா என்று கேளுங்கள். மாவுப் பசை பூச்சிக்கு விருந்து. துத்தம் அந்த விருந்தைக் கெடுத்துவிடும்.

பூச்சி அரித்த அரிய நூல் ஒன்றிரண்டு இருந்தால், பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, உறைபெட்டியில் சுமார் –20° செ. குளிரில் ஒரு வாரம் வைக்கலாம். பூச்சியும் முட்டையும் மடியும். வெளியே எடுத்தவுடன் பையைப் பிரிக்காதீர்கள். புத்தகம் அறை வெப்பநிலைக்கு வர ஒரு நாள் விடுங்கள். அவசரப்பட்டால் நீர் படியும். காரணத்தை மேலே பார்த்தோம்.

வெள்ளம் வந்துவிட்டால்

2015ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், கடலூர் மாவட்டங்களைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை மீண்டும் வந்தது. எனவே மணவாள நகரிலோ கும்மிடிப்பூண்டியிலோ உள்ள நூலகப் பணியாளர் இதையும் அறிந்திருக்க வேண்டும்.

நனைந்த புத்தகத்தில் ஏறத்தாழ 48 மணி நேரத்தில் பூஞ்சை தோன்றிவிடும். ஆகவே முதல் இரண்டு நாள்களே உயிர் நாள்கள். வழவழப்பான படக் காகித நூல்களை முதலில் கவனியுங்கள். அவை உலர்ந்து ஒட்டிக்கொண்டால் பிரிக்கவே முடியாது. மற்றவற்றை நிமிர்த்தி, விசிறிபோல் சற்றே விரித்து, மின்விசிறிக் காற்றில் நிழலில் உலர்த்துங்கள். பக்கங்களுக்கிடையே அச்சிடாத வெள்ளைத் தாளை வைத்து அடிக்கடி மாற்றுங்கள். வெயிலில் காயப் போட்டால் தாள் நெளிந்து பழுப்பேறும்.

1966 நவம்பரில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் ஆர்னோ ஆறு பெருகி, அங்குள்ள தேசிய நூலகத்தைச் சேற்றில் மூழ்கடித்தது. உலகெங்குமிருந்து இளைஞர்கள் வந்து வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிப் புத்தகங்களை மீட்டார்கள். புகையிலை உலர்த்தும் சூளைகளில்கூட அவற்றை உலர்த்தினார்கள். அந்த அனுபவத்துக்குப் பின் வந்த ஆண்டுகளில், உடனே உலர்த்த இயலாதவற்றை உறைய வைத்துவிட்டு, பிறகு நிதானமாக உலர்த்தும் முறை வளர்ந்தது. உறைந்த நூலில் பூஞ்சை வளராது. மீன் பதனிடும் குளிர்கிடங்கும் ஆபத்து வேளையில் புத்தகக் கிடங்காகலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

எதை முதலில் காப்பது?

எல்லாப் புத்தகங்களுக்கும் ஒரே கவனம் செலுத்த இயலாது. கடையில் மீண்டும் வாங்கத்தக்க நாவல் போனால் வேறொன்று வாங்கலாம். சென்னை கன்னிமாரா நூலகத்தில் இருக்கும் நூல் என்றால், அங்கேனும் ஒரு படி உண்டு. 1896இல் திறக்கப்பட்ட அந்நூலகம், 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் அச்சாகும் நூல்களைப் பெறும் நான்கு நூலகங்களுள் ஒன்று.

ஆனால் உங்கள் ஊர்க் கோயில் குடமுழுக்கு மலர், பள்ளி வெள்ளிவிழா மலர், உள்ளூர்ப் புலவர் தம் செலவில் அச்சிட்ட சிறுநூல், நின்றுபோன சிற்றிதழ் இவை எங்கே இருக்கும்? ஒருவேளை உலகிலேயே உங்கள் அலமாரியில் மட்டும்! இவற்றைத் தனியே பட்டியலிட்டு, அறையின் உலர்ந்த பகுதியில் வையுங்கள். மூலையை மடித்தால் ஒடியும் நிலைக்கு வந்தவற்றை மின்படியாக்க வேண்டும்.

அதற்குத் துணை நிற்போர் இருக்கிறார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்னூலகம் ஒன்றை நடத்துகிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா தனியொருவராகச் சேர்த்த பெருந்தொகுப்பின் மீது 1994இல் சென்னையில் எழுந்த ஆராய்ச்சி நூலகம், பழந்தமிழ் அச்சு நூல்களைப் பாதுகாப்பதில் நீண்ட அனுபவம் பெற்றது. மாவட்ட மைய நூலகத்தின் வழியே இவர்களுக்கு எழுதலாம். அலமாரி போன்ற தேவைகளுக்குக் கொல்கத்தாவில் 1972இல் தொடங்கிய இராஜா ராம்மோகன் ராய் நூலக நிறுவனத்தின் உதவித் திட்டங்களைப் பற்றியும் மேலலுவலகத்தில் கேட்டறியுங்கள்.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகும் முன் கணிதமும் இயற்பியலும் கற்பித்தவர். 1931இல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது நூல்களின் பயன்பாட்டைப் பற்றியது. பூட்டி வைப்பதன்று நூலகத்தின் வேலை என்பதே அதன் கருத்து. இயற்பியலும் அதையே சொல்கிறது. அடிக்கடி எடுத்துப் புரட்டப்படும் புத்தகத்தில் காற்றுப் புகுகிறது. பூஞ்சைக்கு அங்கே ஓய்வான இடம் கிடைப்பதில்லை. எனவே வாசகராகிய உங்களுக்கும் ஒரு பணி உண்டு. அடுத்த முறை நூலகம் சென்றால், கீழ்த் தட்டில், சுவரோரத்தில், நெடுநாள் எவரும் தொடாத ஒரு நூலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.